மீட்டரில் எட்டு காட்டிய கூலன்ட்

போன வருடம் ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் போகிற சாலையில் நடந்தது இது. ஒரு பஸ் நிறுத்தம், பக்கத்தில் ஷட்டர் இறக்கிய ஒரு டீக்கடை, அவ்வளவுதான் அந்த இடம். இன்றைக்கும் அதைத் தாண்டும்போது என் கண் தானாக டாஷ்போர்டில் இருக்கும் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துவிடும்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் செய்த முட்டாள்தனத்தின் முழு அழகும் உங்களுக்குத் தெரியாது. வல்லம் வடகாலில் ஒரு மெஷின் ஷாப்பில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். இரும்பைக் கடையும்போது மெஷின் சூடாகாமல் இருக்கப் பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றிக்கொண்டே இருக்கும். அதற்குப் பெயர் கூலன்ட். அதைத் தண்ணீரில் சரியான அளவில் கலப்பதும், தினமும் ஒவ்வொரு மெஷினிலும் சோதிப்பதும் என் பொறுப்பு. சோதிக்க ஒரு சின்னக் குழாய் உண்டு. நாங்கள் அதை மீட்டர் என்போம். அதன் முனையில் உள்ள கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால், உள்ளே எண்கள் தெரியும். மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவே உள்ள கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அளவு. எங்கள் ஷாப்பில் எட்டு இருந்தால் நல்ல கலவை. குறைந்தால் துரு, கூடினால் ஆபரேட்டர் கையில் அரிப்பு. பதினான்கு வருடமாக எட்டு, எட்டு என்றே வாழ்ந்துவிட்டேன்.

இன்னொரு வழக்கமும் எங்கள் கம்பெனியில் உண்டு. இந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். விபத்து நடக்க இருந்து மயிரிழையில் தப்பியதை ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். நியர் மிஸ் கார்டு என்று பெயர். என்ன நடந்தது, ஏன் நடந்தது, என்ன நடந்திருக்கக்கூடும் என்று மூன்று கட்டம். ஆளுக்கு மாதம் ஒன்று கட்டாயம். மாதாமாதம் யாராவது சாவின் விளிம்புக்குப் போய் வருவார்களா என்ன? மாதக் கடைசியில் கேன்டீனில் உட்கார்ந்து, 'தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது, யாராவது வழுக்கி விழுந்திருக்கக்கூடும்' என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுச் சாம்பார் சாதம் சாப்பிடப் போவேன். அந்த எண்ணெய் என் அட்டையில் எத்தனை முறை சிந்தியது என்று எனக்கே தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் ஒரு பழைய சின்ன கார் இருக்கிறது. வாங்கும்போதே எட்டு வயது. சித்திரை வெயிலில் ஒருநாள் பானட்டைத் திறந்து பார்த்தேன். கூலன்ட் குறைந்திருந்தது. முழுவதும் மாற்றிவிடலாம் என்று குன்றத்தூரில் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர், "ரெடியா கலந்து வெச்சதா, கலக்காததாண்ணா?" என்று கேட்டார். கலக்காததே கொடுங்கள் என்றேன். "பாதிக்குப் பாதி கலந்துக்கோங்க. கொழா தண்ணி வாணாம், டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கோங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூலன்ட் கலக்க எனக்கே பாடமா? "தம்பி, நான் ஒரு நாளைக்குக் கலக்குறத நீங்க ஒரு வருஷத்துல விக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆள் பாவம், பில்லைக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்.

ஷாப்பிலிருந்து மீட்டரை எடுத்து வந்திருந்தேன். பழையதை இறக்கிவிட்டு, மொட்டை மாடியில் ஒரு பக்கெட்டில் பாதிக்குப் பாதி கலந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால், உள்ளே கோடே தெரியவில்லை. முழுக்க வெள்ளை. அளவு எண்களையெல்லாம் தாண்டி மேலே போய்விட்டது. எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? இந்த மீட்டர் இந்தத் திரவத்துக்கு இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ, கடைக்காரனுக்கு ஒன்றும் தெரியவில்லை, இவ்வளவு கெட்டியாக ஊற்றினால் இன்ஜின் என்ன ஆவது என்பதுதான். மொட்டை மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தேன். கோடு இறங்கி இறங்கி, எட்டில் வந்து நின்றது. மனசுக்கு அவ்வளவு திருப்தி. அரை லிட்டர் கூலன்ட்டிலேயே வேலை முடிந்தது, மீதியை மூடி வைத்தேன்.

துணி காயப் போட வந்த என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "தண்ணிதான் நிறைய இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள். "மீட்டர் எட்டு காட்டுது" என்றேன். எங்கள் ஊர் போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளைத் தோல் மாதிரி உப்பு படிய வைக்கும். ஷாப்பில் எனக்கு எப்போதும் சுத்திகரித்த தண்ணீர்க் குழாய் ஒன்று பக்கத்திலேயே இருப்பதால், தண்ணீரைப் பற்றி யோசித்துப் பழக்கமே இல்லை.

அடுத்த மூன்று மாதத்தில் இரண்டு முறை அளவு குறைந்தது. இரண்டு முறையும் குழாய்த் தண்ணீர்தான். சூடு காட்டும் முள் எப்போதும் பாதிக்குக் கீழே இருக்கும், இப்போது கொஞ்சம் மேலே நிற்கிறதே என்று அவள்தான் முதலில் சொன்னாள். வெயில் காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்றேன். ஆடிக் காற்று அடித்து வெயில் தணிந்த பிறகும் அதையே சொன்னேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கான தேர்வு அன்றைக்கு. காஞ்சிபுரத்தில் மையம். ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், அதற்கு மேல் ஒரு நிமிடம் தாமதமானாலும் உள்ளே விடமாட்டார்கள். இதற்கு முந்தைய முறை இரண்டே இரண்டு மார்க்கில் போனது. அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருடமாக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்தாள். சமையலறையில் அடுப்புக்கு மேலே சூத்திரங்கள் எழுதிய தாள் ஒட்டியிருக்கும். தாளிக்கும்போதுகூட வாய் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் போய்விடலாம் என்றுதான் அவள் சொன்னாள். நம்ம வண்டி எதற்கு இருக்கிறது, அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோய் விடுகிறேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

ஒரகடம் வரைக்கும் ஒன்றும் இல்லை. பாலம் வேலையில் ஒரு கால்மணி நேரம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தோம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவள் மடியில் நோட்டை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நெரிசல் விட்டதும் ஒரே மிதி மிதித்தேன். ஐந்து நிமிடம் போயிருக்கும், வெல்லம் காய்ச்சுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. முள் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பானட் ஓரத்திலிருந்து ஆவி. ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன். மணி ஏழு ஐம்பது.

பானட்டைத் திறந்தால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி புகை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சாலையில் ஆட்டோ ஒன்றுகூட இல்லை. ஆப்பில் வண்டி தேடினால், தேடிக்கொண்டே இருந்தது. போன இரண்டு பஸ்களும் நிற்கவில்லை. அவள் ஹால் டிக்கெட் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. தண்ணீர் ஊற்றினால் ஓடிவிடும், ஊற்று, கிளம்பு என்று மட்டும்தான் தலைக்குள் ஓடியது. துண்டை நனைத்து ரேடியேட்டர் மூடிமேல் போட்டேன். "நீ பாட்டிலத் தொறந்து ரெடியா வெச்சிக்கினு இரு, தொறந்த உடனே ஊத்து" என்றேன். அவள் உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பாட்டிலோடு என் தோளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். அவள் முகத்துக்கும் மூடிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

சூடான ரேடியேட்டரைத் திறக்கக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். யார் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனாலும் கை துண்டை இறுக்கிப் பிடித்துவிட்டது. அந்த நேரத்தில்தான் எங்களுக்குப் பின்னால் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடித்த பெண்களை இறக்கிவிடும் பஸ். அந்த நிறுத்தத்தில் இரண்டு பேர் இறங்க வேண்டியிருந்ததால் நின்றது. மற்றபடி எங்களுக்காக இல்லை.

"அண்ணாச்சி, மூடியத் தொறந்துராதிய! மைனி, நீங்க தள்ளி வாங்க!"

ஜன்னலிலிருந்து வந்த குரல், தெற்குப் பக்கத்துப் பேச்சு. மைனி என்றது அண்ணி என்கிற மாதிரி என் மனைவியை. திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தப் பெண் இறங்கி ஓடி வந்துவிட்டாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். சாம்பல் நிற யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, ராத்திரி முழுக்க நின்ற கண்கள். நேராக வந்து என் மனைவியின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். "நான் கூலன்ட்லதாம்மா வேலை பாக்கறேன், எனக்குத் தெரியும்" என்றேன்.

"நானும் கூலன்ட்லதான் அண்ணாச்சி வேலை பாக்கேன்" என்றாள்.

அவள் வேலை பார்ப்பது கார் செய்யும் லைனில். புது வண்டி ஒவ்வொன்றும் அவள் நிற்கிற இடத்துக்கு வந்து, முதல் முதலாகக் கூலன்ட் குடித்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போகும். இதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை. கையைப் புறங்கையாக ரேடியேட்டர் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்துக்கொண்டே சொன்னாள். "உள்ள கொதிக்க தண்ணி மூடியத் தொறந்த உடனே ஆளு ஒசரத்துக்கு அடிக்கும். துண்டெல்லாம் ஒண்ணும் நிப்பாட்டாது." பக்கத்தில் உபரிக் கூலன்ட் நிற்கும் பிளாஸ்டிக் டப்பாவை எட்டிப் பார்த்தாள். அதன் அடியில் கொஞ்சம்தான் இருந்தது, அதுவும் பால் இல்லாத டீ மாதிரி. "இது என்ன தண்ணியா? கூலன்ட் வாசமே இல்லியே. யாரு ஊத்துனா?"

"மெக்கானிக்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாயில் வந்துவிட்டது. என் மனைவி என்னைப் பார்த்தாள். மொட்டை மாடியில் பக்கெட்டுக்குப் பக்கத்தில் நின்றவள் அவள்.

"அந்த ஆளு வெளங்குவானா? எங்க லைன்ல பாதிக்குப் பாதி இல்லன்னா லைனையே நிப்பாட்டிருவாவ. கூலன்ட்டுன்னா சூட்டக் கொறைக்க மட்டும் இல்ல அண்ணாச்சி, தண்ணி சீக்கிரம் கொதிக்காம பாத்துக்கறதும் அதுதான், துரு பிடிக்காம பாத்துக்கறதும் அதுதான். வெறுந்தண்ணிய ஊத்துனா இப்படித்தான்" என்றாள். நான் அந்த முகம் தெரியாத மெக்கானிக்கைப் போலவே தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அதற்குள் என் மனைவி கையிலிருந்த உறையை அவள் பார்த்துவிட்டாள். பரீட்சை, காஞ்சிபுரம், ஒன்பது மணி என்று மூன்று வார்த்தைதான் என் மனைவி சொன்னாள். அந்தப் பெண் சட்டென்று திரும்பி டிரைவரிடம் போனாள். அது வாலாஜாபாத்தில் இவளைப் போன்ற ஹாஸ்டல் பெண்களை இறக்கிவிட்டு, மீதிப் பேரோடு காஞ்சிபுரம் போகிற பஸ்.

டிரைவர் எங்கள் பக்கத்து ஆள். "இன்னாமா வெளாட்ரியா? வெளி ஆள ஏத்தினா என் வேல பூடும். மேல பாரு, கேமரா கீது" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த விதி எல்லாக் கம்பெனியிலும் உண்டு. எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒருமுறை சொந்தத் தம்பியை ஏற்றியதற்கு ஒருவரை இரண்டு வாரம் நிறுத்திவைத்தார்கள். ஆனால் பஸ்ஸுக்குள்ளிருந்து ஒன்று, இரண்டு என்று பெண் குரல்கள் கிளம்பின. தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். யாரோ, "அண்ணா, பரிச்சைண்ணா, ஏத்திக்கோங்கண்ணா" என்றார்கள். இன்னொருத்தி, "கேட்டா நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தர்றோம்" என்றாள். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏறும்மா. கேட்டாங்கன்னா, ரோட்டாண்ட மயக்கம் போட்டு வுழுந்து கெடந்தாங்க, தூக்கினு போனேன்னு சொல்லிக்கிறேன். வழியில கொஞ்சம் மயக்கமாவே ஒக்காந்துக்கினு வா" என்றார்.

என் மனைவி அழுகையோடு சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். செல்போனுக்கு மையத்துக்குள் அனுமதி இல்லை என்பதால் அதை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். அந்தப் பெண் என் நம்பரைத் தன் போனில் குறித்துக்கொண்டாள். "ஒரு மணி நேரம் தொடாதிய. மேல இருக்க குழாயக் கையால பிடிக்க முடியணும், அப்பத்தான் மூடி. அதுவும் கால் திருப்பு திருப்பி நிப்பாட்டணும். ஏசி போடாம மெதுவா வாலாஜாபாத்து வரைக்கும் போயிருங்க" என்று மளமளவென்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பார்த்து ஏதோ கத்தினாள். ஜன்னல் ஜன்னலாகத் தண்ணீர் பாட்டில்கள் வெளியே வந்தன. சிவப்பு, பச்சை, ஊதா, பூப்போட்டது, மூடி உடைந்தது, ஸ்டிக்கரில் பெயர் எழுதி ஒட்டியது. "எல்லாம் கம்பெனி ஆர்.ஓ. தண்ணிதான், தைரியமா ஊத்துங்க" என்றாள். பதினோரு பாட்டில். பஸ் கிளம்பும்போது மணி எட்டு ஐந்து.

அதற்குப் பிறகு அந்த ரோட்டோரத்தில் நான் உட்கார்ந்திருந்த மாதிரி ஒரு நேரம் எதிரிக்கும் வரக்கூடாது. வாலாஜாபாத்தில் பஸ் நின்று நின்று ஆட்களை இறக்க வேண்டும். ரயில்வே கேட் பூட்டியிருந்தால்? காஞ்சிபுரத்துக்குள் முகூர்த்தக் கூட்டம் இருந்தால்? அவளிடம் போன் இல்லை, கேட்கவும் முடியாது. பதினோரு பாட்டில்களையும் வரிசையாக வைத்துவிட்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மெக்கானிக்கை அந்தப் பெண் திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் காதில் கேட்டது. என் மனைவி இரண்டு வருடம் படித்ததை நான் ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்துவிட்டேனே என்று நினைத்து நினைத்து, இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டேன். குன்றத்தூர் மலை முருகனுக்கு அன்றைக்கு நேர்ந்துகொண்டது இன்னும் பாக்கி இருக்கிறது.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு போன் அடித்தது.

"அண்ணாச்சி, மைனி உள்ள போயிட்டாவ. கேட்டுக்கிட்ட எறக்கிவிட்டோம், கை காட்டிட்டுப் போனாவ. நீங்க வெசனப்படாதிய."

கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. இவளுடைய ஹாஸ்டல் வாலாஜாபாத்தில் அல்லவா? ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் காஞ்சிபுரம் வரை போயிருக்கிறாள். கேட்டேன். "பாதியில விட்டுட்டுப் போயி படுத்தா தூக்கம் வருமா? பஸ்ஸு திரும்பி அந்த வழியாத்தான வரும்" என்றாள். பிறகு, "அண்ணாச்சி, அந்த மெக்கானிக்கப் பாத்தியன்னா ஒண்ணு சொல்லுங்க. அந்த மீட்டரக் கம்பெனியிலயே வச்சிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். பின்னாலிருந்து பத்துப் பதினைந்து பெண்கள் ஒன்றாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. என் மனைவி வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள். மானம் போனதுதான். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டபோது உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. நானும் தனியாக ரோட்டில் நின்று சிரித்தேன். சைக்கிளில் போன ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

அவள் சொன்ன மாதிரியே ஒரு மணி நேரம் கழித்து, குழாயைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, துண்டைப் போட்டு மூடியைக் கால் திருப்பு திருப்பினேன். இன்ஜினை அணைத்து அவ்வளவு நேரம் ஆகியும் உள்ளே சர்ரென்று ஒரு சீறல். துண்டு ஓரத்திலிருந்து நாலு சொட்டு வெளியே தெறித்து என் மணிக்கட்டில் விழுந்தது. வெதுவெதுப்புதான், சுடவில்லை. ஆனால் அந்தச் சொட்டுகள் தெறித்த திசையைப் பார்த்தேன். சரியாக என் மனைவி குனிந்து நின்ற இடம். அப்படியே பம்பரில் உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டில் தண்ணீரையெல்லாம் ஊற்றி, ஏசி போடாமல் மெதுவாக ஓட்டிப்போய், வாலாஜாபாத்தில் அரை ஷட்டர் திறந்திருந்த ஒரு மெக்கானிக் கடையில் வண்டியை விட்டேன். உள்ளே இருந்ததை இறக்கினார். துருவும் உப்புப் பொடியுமாகத் தட்டில் விழுந்தது. "யார் சார் இத ஊத்துனது?" என்றார். "நான்தான்" என்றேன். அந்த ஒரு வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே ஆச்சரியம். நல்லவேளை, இன்ஜினுக்குள் எதுவும் கெடவில்லை, இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட் வளைந்திருக்கும் என்றார். இரண்டு முறை கழுவி, காற்றை வெளியேற்றி, பாதிக்குப் பாதி ஊற்றினார். நான் அவர் பக்கத்தில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் ஒரு மணிக்கு மையத்து வாசலில் நின்றேன். கூட்டத்தோடு வெளியே வந்தவள், தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துவிட்டு நிதானமாக நடந்து வந்தாள். "என்ன மெக்கானிக்கு, வண்டி ரெடியா?" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது. இன்றுவரை வீட்டில் எனக்கு அதுதான் பெயர். அவளுடைய அம்மாகூட, "மெக்கானிக்கு சாப்டாரா?" என்றுதான் போனில் விசாரிக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு பாட்டில்களையும் கழுவி, ஒவ்வொன்றிலும் மோர் நிரப்பி எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனோம். என் மனைவியின் யோசனை. அந்தப் பெண் தூங்கி எழுந்த முகத்தோடு வாசலுக்கு வந்தாள். அவளிடம் நேராகவே சொன்னேன், அன்றைக்குப் பொய் சொன்னது தப்பு என்று. "அத விடுங்க அண்ணாச்சி, எங்கய்யா லாரியில தண்ணி ஊத்தப்போயி அப்பிடித்தான் நெஞ்செல்லாம் வெந்துட்டாவ. அதனாலதான் கத்திட்டேன்" என்றாள். அய்யா என்றது அவள் அப்பாவை. என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் அவளே சொன்னாள். கேமராவை யாரும் பார்க்கவில்லையாம்.

அந்த மாதக் கடைசியில் வழக்கம்போல நியர் மிஸ் கார்டு வந்தது. எண்ணெயைச் சிந்த எனக்கு மனசு வரவில்லை. என்ன நடந்தது என்ற கட்டத்தில் நடந்ததை எழுதினேன். ஏன் நடந்தது என்ற கட்டத்தில், 'எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்' என்று எழுதினேன். மூன்றாவது கட்டத்துக்கு வந்தேன். என்ன நடந்திருக்கக்கூடும். பேனாவை வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கை வரவில்லை. அப்படியே காலியாக விட்டுக் கொடுத்தேன். சூப்பர்வைசர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கேட்டுக்கு வெளிய நடந்தது கணக்குல வராது. கட்டத்த வேற காலியா விட்டுக்கீறீங்க" என்றார். அதை மடித்துக் காரின் டாஷ்போர்டில் வண்டிக் காகிதங்களோடு வைத்தேன். அந்த மாதம் எனக்கு மட்டும் கார்டு குறைவு.

தேர்வு முடிவு தை பிறந்து வந்தது. பாஸ். முதல் போன் அந்தப் பெண்ணுக்குத்தான் போட்டோம். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போயிருந்தாள், தூத்துக்குடிப் பக்கம். சந்தோஷத்தில் கத்திவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கேட்டது, "வண்டி எப்படி இருக்கு அண்ணாச்சி?" நன்றாக இருக்கிறது என்றேன், பாதிக்குப் பாதி என்றேன்.

இப்போது என் மனைவிக்கு வாலாஜாபாத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை. எனக்கு இரண்டாவது ஷிப்ட் வரும் வாரங்களில் காலையில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். பள்ளி வாசலில் இறங்குவதற்கு முன்னால், அவள் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பொட்டைச் சரிசெய்வாள். தினமும் பார்க்கிற காட்சிதான். அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் டாஷ்போர்டுக்குள் இருக்கும் அட்டை ஞாபகத்துக்கு வரும், அந்த மூன்றாவது கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்ற நிம்மதியோடு வண்டியைத் திருப்புவேன்.